நாவடக்கம் கேட்ட நாடு

1908 நவம்பர் 10, 11 ஆகிய இரு நாட்களில் ஜெர்மன் நாடாளுமன்றம் அதுவரை துணியாத ஒன்றைச் செய்தது. பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் உலகின் முன் நாட்டைத் தலைகுனிய வைத்துவிட்டார் என்று கட்சி வேறுபாடின்றி வெளிப்படையாகப் பேசியது. சமூக ஜனநாயகக் கட்சியினர் அப்படிப் பேசியதில் வியப்பில்லை. அவர்கள் முடியாட்சியையே ஏற்காதவர்கள். தேசிய லிபரல் கட்சித் தலைவர் எர்ன்ஸ்ட் பாஸர்மான் பேசியதும், அரியணையின் காவலர்களாகத் தங்களைக் கருதிவந்த பழைமைவாதக் கட்சியினர் சில நாட்களுக்கு முன்பே, பேரரசர் இனிப் பேச்சில் கூடுதல் நிதானம் காட்ட வேண்டும் என்று அறிக்கை விட்டதும்தான் புதியவை. நாட்டின் தலைமையில் இருப்பவரின் நடத்தையைக் கண்டு மக்கள் கூசிப்போகும்போது எழும் கோபத்தை வெறும் வம்புப் பேச்சு என்று ஒதுக்குவது அரசியல் எழுத்தில் ஒரு வழக்கமாகிவிட்டது. அது தவறு. கோப்புகளையும் தூதரகக் கடிதங்களையும் பார்க்க முடியாத குடிமக்களுக்கு, ஆள்பவரின் திறமையை எடைபோடக் கையில் கிடைக்கும் முதல் சான்று அவருடைய நடத்தைதான். அந்தக் கோபம் இறுதியில் எதைக் கேட்டுப் பெறுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1908இல் ஜெர்மனியின் பெரும்பான்மை கேட்டது பேரரசரின் நாவடக்கத்தை. அவரிடமும் அவருடைய அமைச்சர்களிடமும் கணக்குக் கேட்கும் உரிமையை அது வலியுறுத்தவில்லை. கேட்டது பெருமளவு கிடைத்தது. கிடைத்த அந்த மௌனமே அடுத்த ஆறு ஆண்டுகளில் நாட்டுக்குக் கேடாக முடிந்தது.

கோபத்தைக் கிளப்பியது ஒரு நாளிதழ்க் கட்டுரை. அக்டோபர் 28 அன்று லண்டனின் 'டெய்லி டெலிகிராஃப்' பேரரசரின் கருத்துகளைத் தொகுத்து வெளியிட்டது. முந்தைய ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தின் தென்கரையில் ஹைக்ளிஃப் மாளிகையில் அவர் ஓய்வெடுத்தபோது, விருந்தளித்த கர்னல் ஸ்டூவர்ட்-வோர்ட்லியுடன் தொடங்கிய பேச்சுகளே அதன் அடிப்படை. இரு நாட்டு உறவைச் சீராக்க வேண்டும் என்பதே இருவரின் நோக்கமும். அச்சில் வந்தது நேர்மாறான விளைவைத் தந்தது. தன்னை ஆங்கிலேயர்கள் சந்தேகிப்பது பித்துக்குளித்தனம் என்றார் பேரரசர். ஜெர்மானியர்களில் பெரும்பாலோர் இங்கிலாந்தை விரும்பாதவர்கள், நட்புப் பாராட்டும் சிறுபான்மையைச் சேர்ந்தவன் தான் என்றார். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரின்போது இங்கிலாந்தைப் பணியவைக்கப் பிரான்சும் ரஷ்யாவும் தன்னைக் கூட்டுச் சேர அழைத்தன, தான் மறுத்துவிட்டு அந்தச் செய்தியையும் இங்கிலாந்துக்கே சொல்லிவிட்டேன் என்றார். போதாக்குறைக்கு, போயர்களை வெல்ல ஒரு போர்த்திட்டம் தீட்டித் தன் பாட்டி விக்டோரியா மகாராணிக்கு அனுப்பியதாகவும், தளபதி ராபர்ட்ஸ் பின்னர் கையாண்ட திட்டம் ஏறத்தாழ அதுவே என்றும் பெருமைப்பட்டார். புதிய ஜெர்மன் கடற்படை பசிபிக் பெருங்கடலில் நாளை எழக்கூடிய சிக்கல்களுக்காக என்று அவர் சொன்னது ஜப்பானின் காதில் எப்படி விழும் என்பதைப் பற்றி அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. (அந்த ஆண்டு மே மாதம் டான்சிக் நகரில் நீரில் இறக்கப்பட்ட 'எம்டன்' அக்கடற்படையின் கப்பல்களில் ஒன்று, 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்க் கிடங்குகளை எரித்தது அதுதான்.) போயர்கள் பக்கம் உள்ளன்போடு நின்றிருந்த ஜெர்மன் மக்களுக்கு, தங்கள் பேரரசர் அவர்களை அழிக்கத் திட்டம் வகுத்துக் கொடுத்தார் என்ற செய்தி துரோகமாகவே பட்டது.

இந்தக் கட்டுரை அச்சேறிய வழியைக் கவனித்தால், தனிமனித உளறல் என்று மட்டும் இதைக் கடந்துவிட முடியாது. வில்ஹெல்ம் இம்முறை விதியை மீறவில்லை. ஸ்டூவர்ட்-வோர்ட்லி அனுப்பிய வரைவு செப்டம்பரில் ரொமின்டன் வேட்டை மாளிகைக்கு வந்தது. அவர் அதைச் சான்சலர் பெர்ன்ஹார்ட் ஃபான் ப்யூலோவின் பார்வைக்கு அனுப்பினார். நோர்டர்னே தீவில் விடுமுறையில் இருந்த ப்யூலோ, தான் படிக்காமலேயே வெளியுறவு அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டதாகப் பின்னர் சொன்னார். வெளியுறவுச் செயலர் ஊரில் இல்லை. கோப்பு கீழிறங்கி ராய்ன்ஹோல்ட் க்ளேமெட் என்ற அதிகாரியின் மேசைக்கு வந்தது. தன்னிடம் கேட்கப்பட்டது தகவல் சரிபார்ப்பு மட்டுமே என்று எண்ணிய அவர், சில சிறு திருத்தங்களோடு திருப்பி அனுப்பினார். கோப்பு மீண்டும் ப்யூலோவிடம் வந்து, அங்கிருந்து பேரரசரிடமும் லண்டனுக்கும் போனது. வழியில் இருந்த ஒவ்வொருவரும் அடுத்தவர் படித்திருப்பார் என்று நம்பினார்கள். ப்யூலோ உண்மையிலேயே படிக்கவில்லையா, படித்தும் விட்டுவிட்டாரா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். எது உண்மையானாலும் முடிவு ஒன்றே: நாட்டின் வெளியுறவு முழுவதையும் குலைக்கக்கூடிய ஒரு தாளை நிறுத்த வேண்டியவர் அதை நிறுத்தவில்லை. அதற்காகப் பதவி இழக்கவும் இல்லை. ராஜினாமாவை நீட்டினார், பேரரசர் ஏற்கவில்லை. நாடாளுமன்றத்துக்கோ அவரை விலக்கும் அதிகாரம் கிடையாது.

கோபம் ஒரே வாரத்தில் பிறந்ததும் அல்ல. 29 வயதில் 1888இல் பட்டத்துக்கு வந்த வில்ஹெல்ம், இரண்டே ஆண்டுகளில் பிஸ்மார்க்கைப் பதவியிலிருந்து விலக்கினார். அதன்பின் தானே ஆள்வதாகக் காட்டிக்கொள்வதில் அவருக்கு அலுப்பே ஏற்படவில்லை. 1896 ஜனவரியில் போயர்களின் டிரான்ஸ்வால் அதிபர் க்ரூகருக்கு ஒரு வாழ்த்துத் தந்தி அனுப்பி இங்கிலாந்தைக் கொதிக்க வைத்தார். 1900 ஜூலை 27 அன்று ப்ரெமர்ஹாஃபன் துறைமுகத்தில், சீனாவுக்குப் புறப்பட்ட படையினரிடம், யாருக்கும் கருணை காட்ட வேண்டாம், கைதிகளைப் பிடிக்க வேண்டாம், அட்டிலாவின் ஹூணர்களைப் போலப் பெயர் எடுங்கள் என்று முழங்கினார். அந்த வரிகளை அச்சில் வராமல் தடுக்க அப்போது வெளியுறவுச் செயலராக இருந்த ப்யூலோ முயன்றார். உள்ளூர் நிருபர் ஒருவர் குறித்துவைத்திருந்த முழு உரையும் வெளியே வந்துவிட்டது. பதினான்கு ஆண்டுகள் கழித்து, போர்க்காலத்தில், ஜெர்மானியரைப் பிரிட்டன் அழைத்த பெயர் அந்த உரையிலிருந்து கிடைத்ததுதான். பேரரசரின் பேச்சு காற்றோடு போகும் சொல்லாக இருக்கவில்லை. அதற்கான விலையைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு வேறு யார் யாரோ கொடுக்க நேர்ந்தது.

இவற்றை எடைபோட்டுப் பேசச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அரச நிந்தனைக் குற்றத்துக்காக 1890களில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் தண்டிக்கப்பட்டார்கள். வரலாற்றாசிரியர் லுட்விக் க்விட்டெ 1894இல் ரோமப் பேரரசன் கலிகுலாவைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதில் வில்ஹெல்மின் பெயர் ஓரிடத்திலும் இல்லை, ஆனால் படித்த அனைவருக்கும் யாரைப் பற்றியது என்று புரிந்தது. நூல் பதிப்பு மேல் பதிப்பு கண்டது. க்விட்டெயின் கல்வித்துறை வாழ்க்கை முடிந்துபோனது. பேரரசரின் 1898 பாலஸ்தீனப் பயணத்தைக் கிண்டல் செய்ததற்காக 'சிம்ப்ளிசிசிமுஸ்' இதழின் ஓவியர் தாமஸ் தியோடோர் ஹைனெயும் எழுத்தாளர் ஃப்ராங்க் வெடெகிண்டும் சிறை சென்றார்கள், பதிப்பாளர் நாட்டைவிட்டே ஓடினார். திறமையின்மையை நேராகச் சுட்டிக்காட்ட முடியாத இடத்தில், பேச்சு உவமைக்குள்ளும் கேலிக்குள்ளும் புகுந்துகொள்கிறது. அப்படிப் பழகிய ஒரு சமூகம், வாய் திறக்க வாய்ப்புக் கிடைத்த நாளிலும் ஆளின் குணத்தைப் பற்றியே பேசும். ஆட்சி எப்படி அமைந்திருக்கிறது என்பதைப் பற்றிப் பேசும் சொற்பயிற்சி அதற்கு வாய்த்திருப்பதில்லை. 1908 நவம்பர் விவாதத்தில் பெரும்பாலானவை பேரரசரின் அவசரபுத்தியைப் பற்றிய பேச்சுகளாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

அமைப்பு என்ன சொன்னது? 1871 அரசியலமைப்பின் 17ஆம் பிரிவின்படி பேரரசரின் ஆணைகள் செல்லுபடியாகச் சான்சலரின் மேலொப்பம் வேண்டும். ஒப்பமிட்டதும் பொறுப்பு சான்சலருடையது. யாரிடம் பொறுப்பு என்பதை அந்தப் பிரிவு சொல்லவில்லை. சான்சலரை நியமிப்பதும் நீக்குவதும் பேரரசர் மட்டுமே. படைகளுக்கான கட்டளை அதிகாரம் நடைமுறையில் மேலொப்பத்துக்கு வெளியே இருந்தது. பேரரசரின் உரைகளுக்கும் உரையாடல்களுக்கும் ஒப்பமிட யாரும் இல்லை. 25 வயது நிறைந்த ஆண்கள் அனைவரும் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றத்தின் கையில் இருந்த உருப்படியான ஆயுதம் பணம்: வரியும் வரவுசெலவுத் திட்டமும் அதன் ஒப்புதல் இல்லாமல் நிறைவேறாது. விவாதம் சூடாக நடந்த அதே நவம்பரில், போர்க்கப்பல் செலவால் கடனில் மூழ்கியிருந்த அரசு, ஆண்டுக்கு ஏறத்தாழ 50 கோடி மார்க் புதிய வரிகளைக் கேட்டு அதே சபையின் முன் நின்றது. இதைவிட நல்ல தருணம் அந்தச் சபைக்கு வாய்த்ததில்லை.

அந்தத் தருணத்தில் அது பெற்றது என்ன? விவாத நாட்களில் பேரரசர் தலைநகரிலேயே இல்லை. டோனாவெஷிங்கனில் ஃப்யூர்ஸ்டன்பர்க் பிரபுவின் விருந்தினராக வேட்டையாடிக்கொண்டிருந்தார். நவம்பர் 14 இரவு அங்கே நடந்த கேளிக்கையில், ராணுவச் செயலகத் தலைவர் தளபதி ஹ்யூல்சன்-ஹேசலர் பாலே நடனப் பெண்ணின் உடையில் ஆடிவிட்டு மாரடைப்பால் இறந்துபோனார். மூன்று நாட்களுக்குப் பின் போட்ஸ்டாமில் ப்யூலோ பேரரசரைச் சந்தித்தார். பொதுமக்களின் விமர்சனம் மிகையானது, நியாயமற்றது என்று குறிப்பிட்டபடியே, அரசியலமைப்புப் பொறுப்புகளைப் பேணி நாட்டின் கொள்கையில் நிலைத்தன்மையைக் காப்பதாகப் பேரரசர் உறுதி கூறியதாக ஓர் அறிவிப்பு வெளியானது. அதற்குப் பின் வில்ஹெல்ம் மனமுடைந்து படுத்தார், பதவி விலகுவதைப் பற்றிக்கூடப் பேசினார், சில வாரங்களில் தேறிவிட்டார். சமூக ஜனநாயகவாதிகளும் இடதுசாரி லிபரல்களும், அமைச்சர்களை நாடாளுமன்றத்துக்குப் பொறுப்பாக்கும் முன்மொழிவுகளை டிசம்பரில் கொண்டுவந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. அவை ஒரு குழுவுக்கு அனுப்பப்பட்டு அங்கேயே மறைந்தன. சபையின் நடுப்பகுதிக்கும் வலப்பக்கத்துக்கும் ஓர் உறுதிமொழி போதுமானதாக இருந்தது. நவம்பர் அறிவிப்பில் சட்டமாகக் கூடிய ஒரு வரிகூட இல்லை.

சபையால் அதற்கு மேல் எதுவும் செய்திருக்க முடியாது என்று ஒரு மறுப்பு எழலாம். அது வலுவான மறுப்பு. அரசியலமைப்பைத் திருத்த மாநில அரசுகளின் பேரவையும் இசைய வேண்டும். அங்கே 14 வாக்குகள் எதிர்த்தால் திருத்தம் விழுந்துவிடும். பிரஷ்யாவிடம் மட்டும் 17 வாக்குகள். காகிதத்தில் கதவு மூடியே இருந்தது. ஆனால் வரியைக் கொடுக்க மறுத்துக் கதவைத் திறக்கச் செய்யும் வழி இருந்தது. அப்படி மறுக்கும் துணிவு அந்தச் சபைக்கு இல்லாமலும் இல்லை. 1909 ஜூனில், அரசு கொண்டுவந்த வாரிசுரிமை வரியைப் பழைமைவாதிகளும் கத்தோலிக்க மையக் கட்சியினரும் சேர்ந்து தோற்கடித்தார்கள். ஜூலையில் ப்யூலோ பதவியிலிருந்து இறங்கினார். சான்சலரை வீழ்த்தும் வலிமையை அந்தச் சபை நிலக்கிழார்களின் சொத்தைக் காக்கப் பயன்படுத்தியது. எட்டு மாதங்களுக்கு முன், நாடே கொதித்தபோது, பொறுப்புள்ள ஆட்சியைப் பெற அதைப் பயன்படுத்தவில்லை. ஆகவே முடியாமை என்ற விளக்கம் பாதி உண்மைதான். மீதிப் பாதி, உறுப்பினர்களில் பலருக்கு அந்த மாற்றம் வேண்டியிருக்கவில்லை என்பது. நாடாளுமன்ற ஆட்சி வந்தால் வாக்கு எண்ணிக்கையில் வளர்ந்துகொண்டிருந்த சமூக ஜனநாயகக் கட்சி அதிகாரத்தை நெருங்கும் என்ற அச்சம், பேரரசரின் வாயைப் பற்றிய அச்சத்தைவிடப் பெரிதாக இருந்தது. 1912 தேர்தலில் 397 இடங்களில் 110ஐ அக்கட்சி வென்றபோது அந்த அச்சம் இன்னும் கூடியது.

பேச்சைக் குறைத்த பேரரசரின் ஆட்சி எப்படி நடந்தது என்று பார்ப்போம். 1910இல் க்யோனிக்ஸ்பர்கில் தான் இறைவனின் கருவி என்று முழங்கியது போன்ற சறுக்கல்கள் இருந்தாலும், பழைய வேகம் குறைந்திருந்தது. 1911 ஜூலையில் மொரோக்கோவின் அகதிருக்குப் போர்க்கப்பல் அனுப்பி ஐரோப்பாவைப் போரின் விளிம்புக்குத் தள்ளியது பேரரசரின் நாக்கு அல்ல. வெளியுறவுச் செயலர் கிடர்லன்-வெக்டரின் கணக்கு அது, பேரரசர் அதில் தயங்கியவர். 1912 டிசம்பர் 8 அன்று பேரரசர் தரைப்படை, கடற்படைத் தலைவர்களை அழைத்துப் போர் எப்போது வரலாம் என்று விவாதித்தார். சான்சலர் பெட்மான் ஹோல்வெக் அந்தக் கூட்டத்துக்கு அழைக்கப்படவே இல்லை. அது நடந்தது நாட்டு மக்களுக்கும் தெரியாது. 1913இல் அல்சாஸின் ட்சாபர்ன் ஊரில் படையினர் பொதுமக்களைச் சட்டத்துக்கு மாறாகப் பிடித்து அடைத்தார்கள். நாடாளுமன்றம் 293க்கு 54 என்ற வாக்கில் சான்சலரின் நிலைப்பாட்டைக் கண்டித்தது. சான்சலர் பதவியில் அப்படியே இருந்தார். 1908இல் பொறுப்பைச் சட்டமாக எழுதத் தவறியதன் பொருள் அந்த வாக்கெடுப்பில் எண்களாகவே தெரிகிறது: வாக்களித்தவர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேற்பட்டோர் கண்டித்தும் ஒன்றும் ஆகவில்லை.

1914 ஜூலை இதன் உச்சம். ஜூலை 5 அன்று போட்ஸ்டாம் அரண்மனையில் ஆஸ்திரியத் தூதருடன் பகல் உணவுக்கு அமர்ந்த பேரரசர், செர்பியா மீது என்ன நடவடிக்கை எடுத்தாலும் ஜெர்மனி துணை நிற்கும் என்று வாக்குறுதி கொடுத்தார். மறுநாள் வழக்கமான நார்வே கடற்பயணத்துக்குப் புறப்பட்டார். நாடாளுமன்றம் விடுமுறையில் இருந்தது. மக்கள் கண்டது ஓய்வுக்குச் செல்லும் ஒரு பேரரசரை மட்டுமே. அவருடைய வாழ்நாளின் மிகப் பெரிய தவறு, எந்த நாளிதழும் கேலி செய்ய வழியில்லாமல், ஓசையின்றி நடந்தது. 1908இல் கட்டுரை அச்சில் வந்ததால்தான் நாடு அவரை எடைபோட முடிந்தது. 1914இல் எடைபோட எதுவும் அச்சில் வரவில்லை. ஆள்பவரின் சங்கடமான பேச்சு, அவர் எப்படி யோசிக்கிறார் என்பதை வெளியே காட்டும் ஒரே சாளரமாக இருக்கும் நாட்டில், பொறுப்புக் கேட்கும் உரிமையைப் பெறாமல் பேச்சை மட்டும் அடக்குவது அந்தச் சாளரத்தையும் சாத்திவிடுகிறது.

வில்ஹெல்ம் உண்மையில் ஆளவே இல்லை, அவர் ஒரு நிழல், உயர்குடியினரும் அதிகாரிகளும்தான் ஆண்டார்கள் என்று ஹன்ஸ்-உல்ரிச் வேலர் போன்றவர்கள் வாதிட்டார்கள். ஜான் ரோல் தன் வாழ்நாள் ஆய்வின் மூலம் அதை மறுத்து, நியமனங்கள் வழியாகவும் அரசவை வழியாகவும் பேரரசரின் விருப்பம் ஆட்சி முழுவதும் ஊடுருவியிருந்ததைக் காட்டினார். சான்றுகளின் எடை ரோல் பக்கம் கூடுதல் என்றே நினைக்கிறேன். ஆனால் என் வாதத்துக்கு இருவரில் யார் வென்றாலும் இழப்பில்லை. அவர் ஆண்டார் என்றால் அவரைக் கட்டுப்படுத்த ஆளில்லை; ஆளவில்லை என்றால் உண்மையில் ஆண்டவர்களைக் கேள்வி கேட்க ஆளில்லை. போரின் நடுவே, 1916 ஆகஸ்டுக்குப் பின், ஹிண்டன்பர்கும் லூடன்டார்ஃபும் பேரரசரை ஓரம்கட்டியபோது நாடு பொறுப்புள்ள ஆட்சியைப் பெற்றுவிடவில்லை. அவரைவிடத் திறமையும் பிடிவாதமும் உள்ள, யாருக்கும் பதில் சொல்லத் தேவையற்ற இரு தளபதிகளைத்தான் பெற்றது.

இதை அன்றே கண்டவர் மாக்ஸ் வேபர். 1908 நவம்பரில் நண்பர் ஃப்ரீட்ரிஷ் நௌமானுக்கு எழுதிய கடிதத்தில், பேரரசர் என்ற ஆளைப் பற்றி அளவுக்கு மீறிப் பேசுகிறார்கள், பழி அரசியல் அமைப்பின் மேல் என்று அவர் எழுதினார். அவருடைய அந்த நோக்கு சரியானது. ஆனால் 1917இல் இதே பொருளை விரித்து எழுதும்போது, மன்னரின் சொற்கள் பொதுவெளிக்கு வர அதிகாரிகள் விட்டதையே பெருங்கேடாக அவர் கருதினார். அங்கே நான் அவரோடு உடன்படவில்லை. சொற்கள் வெளியே வந்தது கேடுதான். வெளியே வராமல் போட்ஸ்டாமில் உணவு மேசையோடு நின்ற சொற்கள் அதைவிடப் பெரிய கேடு. சான்சலருக்கு நாடாளுமன்றத்தின் நம்பிக்கை வேண்டும் என்ற சட்டத் திருத்தம் கடைசியில் 1918 அக்டோபர் 28 அன்று, பேரரசரின் கட்டுரை லண்டனில் வெளியான நாளிலிருந்து சரியாகப் பத்து ஆண்டுகள் கழித்து, நடைமுறைக்கு வந்தது. அதற்குள் போர் தோற்றுவிட்டது. பன்னிரண்டு நாட்களில் பேரரசரின் பதவி துறப்பு அறிவிக்கப்பட்டது, மறுநாள் அவர் ஹாலந்துக்குப் போய்விட்டார். அந்தத் திருத்தம் வேலை செய்வதைப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

இன்னும் ஒரு மறுப்பு மீதமிருக்கிறது. நாடாளுமன்ற ஆட்சி நடந்த பிரிட்டனும் பிரான்சும் அதே போருக்குள் போயினவே, பொறுப்புள்ள ஆட்சி அவற்றை என்ன காத்தது என்று கேட்கலாம். போரைத் தடுத்திருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அப்படிச் சொல்வது வரலாற்றை விருப்பத்துக்கு வளைப்பதாகும். பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் கிரேயும் தன் சபையிடம் பல ஆண்டுகளாகப் பலவற்றை மறைத்தவர்தான். ஆனாலும் 1914 ஆகஸ்ட் 3 அன்று, போர் அறிவிக்கப்படும் முன், அவர் அந்தச் சபையில் எழுந்து நின்று காரணங்களை அடுக்கி அதன் சம்மதத்தைத் தேட வேண்டியிருந்தது. சம்மதம் கிடைக்காவிட்டால் அரசே விழுந்திருக்கும் என்பது அவருக்குத் தெரியும். பெர்லினில் நாடாளுமன்றம் ஆகஸ்ட் 4 அன்று கூட்டப்பட்டது. ரஷ்யா மீது ஆகஸ்ட் 1 அன்றும் பிரான்ஸ் மீது ஆகஸ்ட் 3 அன்றும் போர் அறிவித்தாகிவிட்டது. ஜெர்மன் படைகள் அன்று காலையிலேயே பெல்ஜியத்துக்குள் நுழைந்திருந்தன. உறுப்பினர்களிடம் முதன்மையாகக் கேட்கப்பட்டது 500 கோடி மார்க் போர்க்கடனுக்கான ஒப்புதல். அன்று மாலைக்குள் அதைக் கொடுத்துவிட்டு அவர்கள் கலைந்தார்கள்.